எண்ணியதால் தெரிந்தது: பெண் சிசுக்கொலையும் சமூக அறிவியல் ஆய்வும்

பிறந்து ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளைக் கணக்கெடுத்தால் அவர்களில் ஆண் குழந்தைகளே அதிகமாக இருப்பார்கள். உலகில் பெரும்பாலான நாடுகளின் கணக்கு இதைத்தான் காட்டுகிறது. ஆண் சிசு இயற்கையிலேயே சற்று நலிந்தது. குறைப்பிரசவமோ தொற்றோ மூச்சுத் திணறலோ எது வந்தாலும் தாங்கும் திறன் பெண் சிசுவுக்குத்தான் கூடுதல். அப்படியிருக்க, ஒரு வட்டாரத்தில் பிறந்த முதல் வாரத்தில் பெண் குழந்தைகள் அதிகமாக இறக்கிறார்கள் என்றால் அங்கே நோயைத் தாண்டி வேறு ஏதோ நடக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள யாரையும் நிறுத்தி விசாரிக்க வேண்டியதில்லை. எந்தத் தாயும் அழுதுகொண்டே ஒப்புக்கொள்ள வேண்டியதும் இல்லை. இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

தமிழ்நாட்டில் 1990களில் பெண் சிசுக்கொலை பற்றி நடந்த முக்கியமான ஆய்வுகள் இந்த எளிய தர்க்கத்தின் மேல் நின்றவை. சமூக அறிவியல் ஆய்வால் நடப்புச் சமூகப் பிரச்சினை ஒன்றில் உருப்படியாக என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது இந்த ஆய்வுகளைத்தான். அவற்றின் வெற்றியும் அவை முட்டிக்கொண்ட சுவரும் இரண்டுமே நமக்குப் பாடம்.

பிரச்சினை முதலில் பொதுவெளிக்கு வந்தது ஆய்விதழ் வழியாக அல்ல. 1980களின் நடுவில் உசிலம்பட்டி வட்டாரத்துச் செய்திகளைத் தமிழ் வார இதழ்கள் எழுதின. 1986இல் 'இந்தியா டுடே' அதை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. நாடே அதிர்ந்தது. பத்திரிகையாளர்கள் செய்தது பெரிய காரியம், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் செய்திகளோடு இன்னொன்றும் ஊன்றிப்போனது. சிசுக்கொலை என்றால் உசிலம்பட்டி, உசிலம்பட்டி என்றால் ஒரு சாதி, அந்தச் சாதியின் குணமே அப்படி என்ற எண்ணம் அது. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்கக் கட்டாயப்படுத்தப்பட்டு, 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டையும் சந்தித்த பிரமலைக் கள்ளர் சமூகத்தின் மேல் இன்னொரு முத்திரை விழுந்தது. கள்ளிப்பால் என்ற சொல் ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. கொன்ற விதங்களை இங்கே விவரிக்கப் போவதில்லை. அளவுக்கு மேலேயே எழுதியாகிவிட்டது.

அந்த முத்திரையை உடைத்தவை எண்கள்தான். முதல் உடைப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் கிராமப்புறப் பிரிவு இயங்கும் கே.வி.குப்பம் வட்டாரத்தில், 1980களின் பின்பகுதியில் குழந்தைகளின் வளர்ச்சியைக் கண்காணிக்கும் ஆய்வு ஒன்று நடந்தது. மொத்தம் 12 கிராமங்கள், ஏறத்தாழ 13,000 மக்கள். குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, ஊட்டச்சத்து ஆலோசனை சொல்வதால் பயன் உண்டா என்பதே அந்த ஆய்வின் கேள்வி. அதற்காக ஒவ்வொரு கருவுற்ற பெண்ணையும், பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் தொடர்ந்து பார்த்து வந்தார்கள். தராசைத் தூக்கிக்கொண்டு போனவர்கள், எடைபோட வேண்டிய குழந்தை இல்லாத வீடுகளைக் கண்டார்கள். சாபு ஜார்ஜ், ராஜரத்தினம் ஏபெல், பார்பரா மில்லர் மூவரும் 1992இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் எழுதிய கட்டுரை இதிலிருந்து பிறந்தது. உறுதிசெய்யப்பட்ட பெண் சிசுக்கொலைகள் 19. அவை 12 கிராமங்களில் பாதியில் மட்டுமே நடந்திருந்தன. மீதிக் கிராமங்களில் ஒன்றுகூட இல்லை.

கே.வி.குப்பம் உசிலம்பட்டியிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் வேறு சாதியினர். அந்த ஒரு கட்டுரை வந்த பிறகு, இது ஒரு சாதியின் வழக்கம் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லாமல் போயிற்று. வறுமைதான் காரணம் என்ற விளக்கமும் ஆட்டம் கண்டது. நிலம் வைத்திருந்த குடும்பங்களிலும் இது நடந்திருந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒன்றில் நடந்து இன்னொன்றில் நடக்கவில்லை என்பதை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். அதே மழை, அதே மண், அதே கூலி இருக்கும்போது வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. பொத்தாம்பொதுவான கோபத்தால் அந்தக் கேள்வியை எழுப்ப முடியாது.

12 கிராமங்களிலிருந்து மாநிலம் முழுமைக்கும் போவது எப்படி? இதற்கு விடை கண்டவர்கள் ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா இருவரும். முன்னவர் அப்போது இந்திய ஆட்சிப் பணி அலுவலர். புதுக்கோட்டையில் மாவட்ட ஆட்சியராக இருந்து அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தை நடத்தியவர். பின்னவர் பொருளாதாரப் பேராசிரியர். புதிய சர்வே எதையும் அவர்கள் தொடங்கவில்லை. அரசிடம் ஏற்கெனவே இருந்த, யாரும் சேர்த்துப் படிக்காத ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளை எடுத்தார்கள்.

அந்தப் பதிவேடு எப்படி உருவாகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள் உண்டு. சுமார் ஐயாயிரம் பேருக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கிராம சுகாதார செவிலியர். ஊரில் அவர் நர்சம்மா. ஒரு பெண் கருவுற்றதும் அவர் பெயரை எழுதிக்கொள்கிறார். தாயின் வயது, எத்தனையாவது பிரசவம், உயிரோடு இருக்கும் குழந்தைகளில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, தடுப்பூசி போட்ட தேதி, பிரசவம் நடந்த இடம், பிறந்தது ஆணா பெண்ணா, எடை எவ்வளவு என்று ஒரே வரிசையில் கட்டம் கட்டமாக நீளும். குழந்தை இறந்தால் அந்த வரிசையின் கோடியில் இறந்த நாளும் காரணமும் எழுதப்படும். இரண்டு பெண் குழந்தைகள் உள்ள வீட்டில் மூன்றாவதாக நல்ல எடையோடு பிறந்த பெண் குழந்தை மூன்றாம் நாள் இறந்தது என்று எழுதும்போது, எழுதுகிறவருக்கு விஷயம் தெரியும். அவரும் அதே ஊரில்தான் குடியிருக்கிறார். நாளை அதே வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே அவர்கள் கண்ட வழி, காரணக் கட்டத்தில் 'சமூகக் காரணம்' என்று எழுதுவது. யாரையும் காட்டிக்கொடுக்காமல், பொய்யும் எழுதாமல், உண்மையைப் பதிவில் ஏற்றிவைத்த ஏற்பாடு அது. அந்தச் செவிலியர்களின் நேர்மை இல்லையென்றால் பின்னால் வந்த ஆய்வு எதுவும் இல்லை.

1995ஆம் ஆண்டுப் பதிவேடுகளை மாவட்ட வாரியாக, வட்டார வாரியாகத் தொகுத்து 1997இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, ஆண்டுக்குச் சுமார் 3,000 பெண் குழந்தைகள் இப்படிக் கொல்லப்படுவதாகக் காட்டியது. செவிலியர் எழுதிய காரணத்தை மட்டும் அவர்கள் நம்பிவிடவில்லை. பெண் சிசு இறப்பையும் ஆண் சிசு இறப்பையும் ஒப்பிட்டு, இரண்டு வழியிலும் ஒரே இடங்கள் தென்படுகின்றனவா என்று சரிபார்த்தார்கள். மதுரையில் தொடங்கி திண்டுக்கல், சேலம், தருமபுரி வழியாக வட ஆற்காட்டுப் பகுதி வரை தொடர்ச்சியான ஒரு பட்டை தெரிந்தது. அந்தப் பட்டைக்குள்ளும் எல்லா ஒன்றியங்களிலும் சமமாக இல்லை. சில ஒன்றியங்களில் குவிந்திருந்தது. பட்டைக்கு வெளியே மாநிலத்தின் பெரும்பகுதியில் இந்த வழக்கமே ஏறத்தாழ இல்லை.

இந்த வரைபடத்தின் மதிப்பு நிர்வாகத்துக்கு உடனே புரியக்கூடியது. மாநிலம் முழுக்கச் சுவரொட்டி ஒட்டிப் பணத்தைக் கரைப்பதற்குப் பதிலாக எந்த ஒன்றியம், எந்தக் குடும்பம், எந்த வாரம் என்று குறிவைக்க முடிந்தது. முதல் குழந்தை பெண்ணாகப் பிறந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. இரண்டாவது, மூன்றாவது பெண்ணுக்குத்தான் ஆபத்து. மோனிகா தாஸ் குப்தா 1987இல் பஞ்சாபின் லூதியானா மாவட்டக் கிராமங்களை ஆராய்ந்து இதையே வேறு விதமாகச் சொல்லியிருந்தார். அங்கே எல்லாப் பெண் குழந்தைகளும் ஒரேபோலப் புறக்கணிக்கப்படவில்லை. மூத்த பெண் உயிரோடு இருக்கும் வீட்டில் அடுத்துப் பிறக்கும் பெண்தான் அதிகம் இறந்தாள். பெண் குழந்தை என்றாலே வெறுப்பு என்ற பொதுவிளக்கத்தைவிட இது துல்லியமானது. ஒரு பெண் போதும், இரண்டாவது வேண்டாம் என்று குடும்பம் கணக்குப் போடுகிறது. குடும்ப அளவு சுருங்கச் சுருங்க அந்தக் கணக்கு இன்னும் கறாராகிறது. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்மாதிரி என்று புகழப்பட்ட தமிழ்நாட்டுக்கு இது சங்கடமான செய்திதான்.

ஏன் என்ற கேள்விக்கு ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. வரதட்சணை என்பது எல்லாரும் சொல்வது. உசிலம்பட்டிப் பகுதியில் முன்பு மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் போட்டுக் கட்டிய வழக்கம் மாறி, பெண் வீட்டார் நகையும் ரொக்கமும் கொடுக்கும் வழக்கம் வந்தது. 1950களின் இறுதியில் வைகை அணை கட்டியபின் பாசனம் பெற்ற ஊர்களில் கையில் காசு புரள ஆரம்பித்ததும், புன்செய் ஊர்க்காரர்கள் அவர்களோடு சம்பந்தம் செய்யப் போட்டியிட்டதும் இதற்குக் காரணம் என்று சிலர் எழுதினார்கள். ஏற்கத்தக்க விளக்கம்தான், ஆனால் முழு விளக்கம் அல்ல. தஞ்சாவூரிலும் வரதட்சணை இருந்தது, அங்கே சிசுக்கொலை இல்லை. வேளாண் வேலையில் பெண்ணின் பங்கு, சொத்து யாருக்குப் போகிறது, கொள்ளி வைக்க மகன் வேண்டும் என்ற நம்பிக்கை, ஊரில் ஏற்கெனவே நடந்து பழகிப்போன வழக்கம் என்று பலவும் சேர்ந்துதான் ஒரு வட்டாரத்தை மற்றொன்றிலிருந்து பிரிக்கின்றன. ஒற்றைக் காரணம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

தீர்வுகள் பக்கம் வருவோம். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகளே இருந்தார்கள். 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. வளர்க்க முடியாத குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிடுங்கள், கொல்லாதீர்கள் என்பது அதன் வேண்டுகோள். அதே ஆண்டில் பெண் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகை போடும் திட்டமும் வந்தது. பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைசிகிச்சை செய்துகொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தொட்டில் திட்டத்தை விமர்சித்தவர்கள் பலர். பெண் குழந்தை கைவிடத்தக்கது என்பதை அரசே ஒப்புக்கொள்வதாகிறது என்றார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆயினும் தொட்டிலில் வந்த குழந்தை உயிரோடு இருக்கிறது. வந்தவர்களில் பெரும்பகுதி பெண் குழந்தைகள் என்பதே அந்தத் தொட்டில் எதற்காகத் தேவைப்பட்டது என்று காட்டிவிட்டது.

இன்னொரு வழி காவல் துறையுடையது. கொலை வழக்குகள் பதிவாகின. சிறைக்குப் போனவர்கள் பெரும்பாலும் பிரசவித்துச் சில நாளான தாய்மார்கள். முடிவெடுத்த மாமனார், மாமியார், கணவர் பலரும் வெளியே இருந்தார்கள். கொலைக்குத் தண்டனை கூடாது என்று நான் சொல்லவில்லை. இங்கே ஆய்வு காட்டும் ஒரு விளைவைச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் எழுதும் ஒரு சொல் பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சிறைக்கு அனுப்பும் என்றால் செவிலியரின் பேனா தயங்கும். காரணக் கட்டத்தில் வயிற்றுப்போக்கு, மூச்சுத் திணறல் என்று எழுதப்படும். பதிவு குறைவதைப் பார்த்துப் பிரச்சினை குறைந்துவிட்டது என்று மேலிடம் மகிழும். அதனால்தான் ஆண், பெண் சிசு இறப்பு ஒப்பீடு இன்றியமையாததாகிறது. காரணத்தை மாற்றி எழுதலாம். இறந்த குழந்தை பெண் என்பதை மாற்றி எழுதுவது அவ்வளவு எளிதல்ல.

மூன்றாவது வழிதான் ஆய்விலிருந்து நேராகப் பிறந்தது. டென்மார்க்கின் வளர்ச்சி உதவி அமைப்பான டானிடாவின் உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ், பட்டையின் நடுவில் இருந்த தருமபுரி மாவட்டத்தில் 1998இல் கலைப்பயணம் புறப்பட்டது. அறிவொளிக் காலத்து வீதி நாடக முறைதான். உள்ளூர் இளைஞர்களையும் பெண்களையும் கொண்ட குழுக்கள் ஊர் ஊராகப் போய் இரவில் ஆடிப் பாடின. நாடகம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடாமல் அங்கேயே உட்கார்ந்து பேச்சு நடக்கும். கொன்றவர்கள் என்று எவரையும் சுட்டாமல், பெண்ணுக்குக் கூலி ஏன் குறைவு, கல்யாணச் செலவு யாருக்காக, ஊரில் எத்தனை பையன்களுக்குப் பெண் கிடைக்கவில்லை என்று பேசினார்கள். 1997க்கும் 1999க்கும் இடையில் அந்த மாவட்டத்தில் சிசுக்கொலைகள் குறைந்தன என்று ஆத்ரேயாவும் சுங்கத்தும் 2000இல் எழுதினார்கள். அது கலைப்பயணத்தால்தானா, அதே நேரத்தில் நடந்த மற்றவற்றாலா என்று அறுதியிட்டுச் சொல்வது கடினம். திட்டத்தை நடத்தியவர்களே மதிப்பிட்டதால் அந்த முடிவைச் சற்றுத் தயக்கத்தோடுதான் ஏற்க வேண்டும். ஆனாலும் கண்டறிந்தவர்களே களத்தில் இறங்கிச் செய்துபார்த்து, எண்ணிப்பார்த்து, வெளியிட்டார்கள். நம் நாட்டில் அது அடிக்கடி நடப்பதில்லை.

இதற்குள் பிரச்சினையே இடம் மாறிக்கொண்டிருந்தது. ஸ்கேன் கருவிகள் சிற்றூர்களுக்கு அருகிலுள்ள நகரங்களுக்கும் வந்துவிட்டன. பிறந்த குழந்தையைக் கொல்வதைவிடக் கருவிலேயே கலைப்பது குடும்பங்களுக்கு எளிதாயிற்று. அதில் போலீஸ் பயமும் குறைவு. பாலினம் கண்டறிந்து சொல்வதைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் 1996இல் நடைமுறைக்கு வந்தது, ஆனால் ஏட்டில் கிடந்தது. அதைச் செயல்படுத்தக் கோரி 2000இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட மூன்று மனுதாரர்களில் இரண்டு அமைப்புகள், மூன்றாமவர் கே.வி.குப்பத்தில் அந்த ஆய்வைச் செய்த சாபு ஜார்ஜ். 2001இல் நீதிமன்றம் கடுமையான உத்தரவுகள் பிறப்பித்தது. 2003இல் சட்டம் திருத்தப்பட்டது.

ஷாரதா சீனிவாசன், அர்ஜுன் பேடி இருவரின் 2008ஆம் ஆண்டு ஆய்வு இந்த இடமாற்றத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. பிறக்கும்போதே பெண் குழந்தைகள் எவ்வளவு குறைகிறார்கள், பிறந்தபின் எவ்வளவு குறைகிறார்கள் என்று இரண்டையும் பிரித்து அளந்தார்கள். முதலாவது குறைவு பெரிதானால் ஸ்கேன் மையம் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டாவது பெரிதானால் வீட்டுப் பக்கம். மொத்தமாக ஒரே விகிதத்தைப் பார்த்தால் இந்த வேறுபாடு மறைந்துபோகும். தவறான வாசலில் காவல் நிற்போம்.

சேலத்தின் குழந்தைப் பாலின விகிதம் 1991இல் 849, 2001இல் 851. திட்டங்கள் ஒன்பதாண்டு நடந்தும் அசைவில்லை. 2011இல் அது 917ஐ ஒட்டி உயர்ந்தது. தருமபுரியும் தேனியும் ஏறின. இதில் சட்டத்தின் பங்கு, பிரச்சாரத்தின் பங்கு, பெண் கல்வியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. மருத்துவமனைப் பிரசவம் ஏறத்தாழ நூறு விழுக்காடு ஆனதும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. ஆபத்தான முதல் சில நாட்களைக் குழந்தை செவிலியர் கண்ணெதிரே, எடை எழுதப்பட்டு, அட்டை போடப்பட்டுக் கழிக்கிறது.

ஆனால் மாநிலச் சராசரி அப்படியேதான் இருந்தது: 1991இல் 948, 2001இல் 942, 2011இல் 943. ஒரு பக்கம் ஏறினால் இன்னொரு பக்கம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது கடலூரும் அரியலூரும். 2001இல் 950ஐ ஒட்டியிருந்த இவ்விரு மாவட்டங்களும் 2011இல் 900க்குக் கீழே போயின. 1990களின் வரைபடத்தில் ஆபத்தான பட்டைக்கு வெளியே இருந்த ஊர்கள் இவை. கணக்கெடுப்பு முடிவு வந்தபின் தொட்டில் திட்டத்தைக் கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கு அரசு நீட்டித்தது. எண்ணைப் பார்த்துத் திட்டம் நகர்ந்தது நல்லதுதான். ஆனால் கருவில் நடப்பதைத் தொட்டில் தடுக்காது. பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணினால், அரசு அந்த ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு தலைமுறைப் பெண் குழந்தைகளின் கணக்கு முடிந்துவிடுகிறது.

இப்போது அந்தப் பத்தாண்டுக் கணக்கும் தவறிவிட்டது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2027ஐ மையமாக வைத்துத்தான் அடுத்தது அறிவிக்கப்பட்டிருக்கிறது. இடையில் நம்மிடம் இருப்பது தேசியக் குடும்ப நல ஆய்வு. அதன் நான்காம் சுற்றில் தமிழ்நாட்டின் பிறப்புப் பாலின விகிதம் 954, 2019–21இல் நடந்த ஐந்தாம் சுற்றில் 878. இந்த வீழ்ச்சி உண்மையா? மாதிரி ஆய்வு சில ஆயிரம் பிறப்புகளை வைத்துக் கணக்கிடுகிறது. அந்த அளவில் ஐம்பது புள்ளி வரை மேலோ கீழோ தள்ளிக் காட்டக்கூடும். மாவட்ட அளவில் பிழை இன்னும் பெரிது. ஆகவே 878ஐ வைத்துப் பதறுவதும் தவறு, மாதிரிப் பிழை என்று ஒதுக்குவதும் தவறு. சரிபார்க்க முழு எண்ணிக்கை வேண்டும்.

அந்த முழு எண்ணிக்கை அரசிடம் இருக்கிறது. கருவுற்ற ஒவ்வொரு பெண்ணின் பதிவும், ஒவ்வொரு பிறப்பும், ஒவ்வொரு சிசு இறப்பும் இன்று கணினியில் ஏறுகின்றன. பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு, ஒன்றிய வாரியாக, பிறப்பு வரிசை வாரியாக, ஆண் பெண் பிரித்து, ஆண்டுதோறும் அதை வெளியிட வேண்டும். பல்கலைக்கழகங்களின் சமூக அறிவியல் துறைகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். பட்டத்துக்காக நூறு பேரிடம் வினாத்தாள் நிரப்பி வாங்கும் முதுகலை மாணவர்களிடம் ஒரு ஒன்றியத்தின் பதிவைக் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். 1995இன் கையெழுத்துப் பதிவேடுகளைக் கொண்டு இரண்டு பேர் செய்து காட்டியதை, இத்தனை வசதி வந்தபின் செய்யாமலிருக்க நமக்கு எந்த நியாயமும் இல்லை.